எட்டு விரலில் நாலு வேலி

“அப்ப ஐயாவ ரெண்டா அறுத்துக்குவமா? தலை உனக்கு, காலு எனக்கு. போடா, போயி ரம்பம் எடுத்துக்கிட்டு வா!”

“எதுக்குண்ணே அறுக்கணும்? வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம்னுதானே சொல்றேன்.”

“விக்கிறதாம்ல! வம்சத்த விக்கிறவன் வெளங்குவானாடா?”

“வம்சத்த யாரு விக்கிறா? படத்தத்தான் விக்கிறோம். பூட்டன் போயிச் சேந்து எத்தன காலமாச்சு. எந்திரிச்சு வந்து கேக்கப் போறாரா?”

கொல்லையில் குண்டான் தேய்த்துக்கொண்டிருந்த மங்களாம்பிகைக்குக் கூடத்தில் நடப்பது அத்தனையும் கேட்டது. அவளுக்கு மட்டுமா? பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். அண்ணன் தம்பி சண்டை என்றால் சீரியலை விட ருசி அல்லவா?

மூத்தவர் வீரையன், அவள் புருஷன். இளையவன் பிரபு, சிங்கப்பூரில் வேலை, பொங்கலுக்கு லீவில் வந்தவன். சண்டை நிலத்துக்காக இல்லை, வீட்டுக்காக இல்லை. கூடத்துச் சுவரில் தொங்குகிற ஒரு படத்துக்காக.

அது லேசுப்பட்ட படம் இல்லை. ஆளில் பாதி உயரம் இருக்கும். கறுத்த மரச்சட்டம், நாலு பக்கமும் கொடி செதுக்கியது. உள்ளே ஒரு பெரியவர், தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, முறுக்கிய மீசை. பழைய போட்டோவின் மேல் சாயம் தீட்டிய வகை. கன்னத்தில் ரோஸ் நிறம்கூட இருக்கிறது. நெஞ்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மங்களாம்பிகையின் மாமனார் அந்தக் காலத்தில் ஒரு தடித்த சந்தனச் சீவல் மாலையைச் சட்டத்தோடு ஆணி வைத்து அடித்துவிட்டார். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் மாலை. அதன் மேல் அமாவாசைக்கு அமாவாசை பூமாலை. படத்தைப் பெண்கள் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம். வீரையன் ஸ்டூல் போட்டு ஏறி முகத்தை மட்டும் ஈரத்துணியால் துடைப்பார், சந்தனம் குங்குமம் வைப்பார், இறங்கிவிடுவார்.

அவர்தான் ஐயா. ஊரில் மொட்டவிரலார் என்பார்கள். திருக்காட்டுப்பள்ளி பக்கம் வந்து கேட்டால் இன்றைக்கும் அந்த வீட்டுக்கு மொட்டவிரலார் வீடு என்றுதான் பெயர். சின்னப் பையனாக இருக்கும்போது கரும்பாலை உருளைக்குள் கரும்பு கொடுக்கப் போய் வலது கையில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவர். அந்தக் கையோடு ஏர் ஓட்டி, குத்தகை எடுத்து, கண்ணுக்கு எட்டிய மட்டும் நஞ்சை சேர்த்தவர். “எட்டு விரல்ல நாலு வேலி” என்று அந்த வீட்டில் ஒரு பேச்சு. கல்யாணம், காதுகுத்து, வாய்க்கால் தகராறு, எதுவானாலும் வீரையன் அதைச் சொல்லாமல் விடமாட்டார். மூத்த மகன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னார். நாலு வேலி, அதாவது எண்பது மா நிலம், இப்போது அஞ்சாறு மாவாகச் சுருங்கிவிட்டது. பேச்சு மட்டும் சுருங்கவில்லை.

இந்தப் பேச்சு மங்களாம்பிகையின் நெஞ்சில் ஒரு தடவை முள்ளாகக் குத்தியது. அந்த முள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

அவள் ஒரே பெண். அப்பா சிறுவயதில் போய்விட்டார். அம்மா தனபாக்கியம் கூலி நடவுக்குப் போய் வளர்த்தாள். கடைசிக் காலத்தில் போக இடம் இல்லாமல் மகள் வீட்டுக்கே வந்தாள். வந்தவள் சும்மா உட்காரவில்லை. விடியும் முன்னே நாற்றுப் பறிக்கப் போய்விடுவாள். தனக்கென்று இருந்த அரை மா நிலத்தை விற்று, இந்த வீட்டு வயலுக்குப் போர் போட்டுக் கொடுத்தாள். மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் இந்த வீட்டில் குறுவை விளைவது அந்தத் தண்ணீரில்தான்.

அவள் செத்த பிறகு மங்களாம்பிகை ரேஷன் கார்டுப் படத்தைக் கொண்டுபோய் ஸ்டூடியோவில் பெரிதாக்கிச் சட்டம் போட்டாள். கம்ப்யூட்டரில் பட்டுச்சேலை கட்டிவிடட்டுமா என்று கேட்டான் ஸ்டூடியோக்காரன். வேண்டாம், இருக்கிற சேலையே இருக்கட்டும் என்றாள். வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்துச் சுவரில் ஐயாவுக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சுத்தியலை எடுத்தாள்.

வீரையன் சுத்தியலைப் பிடுங்கினார்.

“கிறுக்கா புடிச்சிருக்கு? இது வம்சச் சுவரு. பொண்ணு குடுத்த வூட்டுப் படத்த இங்க மாட்டுவாங்களா? எட்டு விரல்ல நாலு வேலி சம்பாரிச்ச மனுசன் பக்கத்துல, கூலி நடவு நட்டவளயா மாட்டறது?”

படம் பீரோவுக்குள் போனது. கல்யாணப் பட்டுக்கு அடியில், முகம் குப்புற. அன்றிலிருந்து பீரோ திறக்கும்போதெல்லாம் அம்மாவின் முதுகைத்தான் பார்க்கிறாள். முதுகு என்றால் அட்டைதான், வேறென்ன.

சரி, சண்டைக்கு வருவோம்.

பிரபு சும்மா இருந்தவன்தான். தஞ்சாவூரில் ஒரு பெரிய ஓட்டலுக்குச் சாப்பிடப் போன இடத்தில் அதன் வரவேற்பறையைப் பார்த்துவிட்டான். சுவர் முழுக்க இதே மாதிரி பழைய படங்கள். முன்பின் தெரியாத கிழவன் கிழவிகள். விசாரித்தான். ஒரு பழம்பொருள் கடையிலிருந்து வாங்கியதாம். விலையைக் கேட்டதும் சாப்பாடு மறந்துபோனது. கடைக்கு நேராகப் போய்விட்டான். கடைக்கார அம்மா பெயர் நிலோஃபர். வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த அம்மா வரப்போவதைச் சொன்னதற்குத்தான் காலையிலேயே இந்த ரம்பப் பேச்சு.

மத்தியானம் கார் வந்தது. நிலோஃபருக்கு ஐம்பது வயது இருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து படத்துக்கு முன்னால் நின்றார். வீரையன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் காது இங்கேதான் இருந்தது.

“பெல்ஜியம் கண்ணாடிங்க” என்றான் பிரபு.

“எல்லார் வீட்டுலயும் பெல்ஜியம் கண்ணாடிதான் தம்பி. எனக்குத் தெரிஞ்சு பெல்ஜியத்துலயே அவ்ளோ கண்ணாடி இருக்காது” என்று நிலோஃபர் சிரித்தார். “கண்ணாடிக்கும் மரத்துக்கும் ஒரு வெலதான். பெரிய வெல கதைக்கு. இவரு யாரு, எந்த ஊரு, படம் எப்ப எடுத்தது, வேற கைக்குப் போகாம இந்த வூட்டுலயே இருந்துச்சா. இதெல்லாம் உறுதியாச்சுன்னா வெல எங்கயோ போயிரும். ஆகலன்னா வெறும் சட்டந்தான்.”

“இருக்குங்க, கதை இருக்குங்க!” பிரபு துள்ளினான். எட்டு விரல், நாலு வேலி, கரும்பாலை எல்லாவற்றையும் ஒரு மூச்சில் கொட்டினான். மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த வீரையனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. “ஏர் மேழிய எடது கையால அழுத்திப் புடிப்பாராம். கலெக்டர் தொரையே வயல்ல நின்னு பாத்தானாம்” என்று அவரும் சேர்ந்துகொண்டார்.

நிலோஃபர் முகம் மலர்ந்தது. “இது போதுங்க. இந்த ஒரு கதையே படத்த வித்துரும். கை தெரியிற மாதிரி நான் ஒரு போட்டோ எடுத்துக்கணும். மாலைய எறக்கிருங்க.”

வீரையன் தயங்கினார். “அப்பா அடிச்ச ஆணி...”

“பாக்கத்தாண்ணே போறாங்க. பாத்தா வித்த மாதிரியா?” பிரபு குறடு எடுத்து வந்துவிட்டான். இரண்டு பேருமாகப் படத்தைத் தாங்கி இறக்கிப் பெஞ்சில் சாய்த்தார்கள். ஆணி ஒவ்வொன்றும் கிறீச்சென்று வந்தது. சந்தனச் சீவல் மாலை கையில் எடுத்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. செத்த பல்லி ஒன்று விழுந்தது.

மங்களாம்பிகை காபித் தட்டோடு உள்ளே வந்தது அப்போதுதான். கல்யாணமாகி வந்த இருபத்தெட்டு வருஷத்தில் அந்தப் படத்தை அவள் கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கை நாற்காலியின் கைப்பிடி மேல் விரிந்து கிடக்கிறது. இன்னொரு கை கைத்தடியின் பூண் மேல். ஒரு விரலில் மோதிரம்.

“கையெல்லாம் எவ்ளோ சுத்தமா விழுந்திருக்கு பாருங்க, நகம் வரைக்கும்” என்று சொல்லிக்கொண்டே நிலோஃபர் போனைத் தூக்கியவர், அப்படியே நிறுத்திவிட்டார்.

மங்களாம்பிகை எண்ணினாள். நாற்றுக்கட்டை எண்ணுவது போல உதடு அசைய எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

“ஏங்க” என்றாள். “எட்டு விரல்னுதானே சொன்னீங்க?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“எண்ணுங்க.”

வீரையன் எழுந்து வந்தார். பிரபு குனிந்து கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டான்.

“கட்டவெரல சேத்து எண்ணுறியா?”

“கட்டவெரலு வெரல் இல்லியாண்ணே?”

பத்து. எப்படி எண்ணினாலும் பத்து. பக்கத்து வீட்டு டிவி இன்னும் குறைத்துத்தான் இருந்தது.

வீரையன்தான் முதலில் தேறினார். “சாயம் தீட்டுனவன் சேத்து வரஞ்சிருப்பான். பெரிய மனுசன், ஊனத்தோட வரைய வேணாம்னு மரியாதைக்கு...”

நிலோஃபர் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தார். “சாயம் மொகத்துலயும் கோட்டுலயுந்தாங்க இருக்கு. கையில ஒரு சொட்டு இல்ல. அது போட்டோல விழுந்த கை.”

“அப்ப படம் எடுத்ததுக்கு அப்புறம் வெரல் போயிருக்கும்.”

“சின்னப் புள்ளையில கரும்பாலையில போச்சுன்னு நீங்கதானே மைக்கப் புடிச்சுச் சொன்னீங்க?” என்றாள் மங்களாம்பிகை. “இந்தப் படத்துல மீச நரைச்சிருக்கு.”

அவள் குரல் ஏறவில்லை. காபித் தட்டைப் பெஞ்சில் வைத்தாள்.

அதற்குள் தடியை ஊன்றிக்கொண்டு அடுத்த வீட்டிலிருந்து சிவசாமி வந்துவிட்டார். மாமனாரின் தம்பி. எண்பது தாண்டிய ஆள், பல் இல்லை, காது மட்டும் பாம்புக் காது. வந்தவர் படத்தைப் பார்த்தார், கீழே கிடந்த மாலையைப் பார்த்தார், கெக்கெக்கே என்று சிரித்தார்.

“அட எழவே! கைய இப்பத்தான் பாக்குறீங்களா?”

“சித்தப்பா, இது யாரு?” என்றார் வீரையன்.

“யாருக்குத் தெரியும்?”

“என்ன சித்தப்பா சொல்றீங்க!”

“உள்ளதத்தான் சொல்றேன். திருவையாத்துல ஒரு பெரிய வூடு. வூட்டுக்காரன் பட்டணத்துக்குப் போறான்னு சாமான எல்லாம் தெருவுல எறக்கி வித்தான். எங்கப்பன் நல்லக்கண்ணு நெல்லு கொட்டி வைக்கப் பத்தாயம் வாங்க வண்டி கட்டிக்கிட்டுப் போனாரு. நான் வண்டியில பின்னாடி காலத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். பத்தாயம் நல்லா இருந்துச்சு, மூடி இல்ல. மூடி எங்கடான்னு அப்பன் சண்ட போட்டாரு. அந்த ஆளு இந்தச் சட்டத்தத் தூக்கிப் பத்தாயத்து மேல வச்சு, இத வச்சு மூடிக்கய்யான்னுட்டான்.”

சிவசாமி தடியால் கூடத்து மூலையைக் காட்டினார். பத்தாயம் அங்கேதான் நிற்கிறது. இப்போது அதில் நெல் இல்லை, பழைய சாக்கும் கிழிந்த தார்ப்பாயும்.

“மூடியா கொஞ்ச நாளு கெடந்துச்சு. அப்புறம் உங்கப்பனுக்குப் பொண்ணு பாத்தோம். நீடாமங்கலத்துலேருந்து பொண்ணு வூட்டுக்காரங்க வந்தாங்க. வெறுஞ்சுவரா இருக்கேன்னு அப்பன் இதத் தூக்கி மாட்டுனாரு. வந்தவன் பாத்துட்டு, அடேங்கப்பா, பெரியவரு யாருன்னான். அப்பன் ஒரு நிமிசம் யோசிச்சாரு. எங்கய்யான்னுட்டாரு. அப்பவே பாக்குவெத்தல மாத்திட்டான். அவங்க போனப்புறம் நான், யப்பா நம்ம ஐயாவுக்கு வெரலு இல்லியேன்னேன். பளார்னு ஒண்ணு வச்சாரு. ‘இனிமே இவருதான் ஐயா. வாயத் தொறந்த, நாக்க அறுத்துருவேன்’னாரு. கல்யாணம் ஆனப்புறம், யாரும் வெரல எண்ணிறக் கூடாதுன்னு உங்கப்பன் கை மேல மால அடிச்சான். நல்லா நீளமா அடிச்சான். கெட்டிக்காரன்.”

“அப்ப எங்கய்யா படம்?”

“உங்கய்யா என்னைக்குப் படம் எடுத்தாரு? கோவணத்தோட வயல்ல கெடந்த மனுசன்.”

இப்போது நடந்ததுதான் இந்தக் கதையிலேயே கேவலமான பகுதி. எழுதும்போதே கை எரிகிறது.

முதலில் பிரபு. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். “அப்ப நல்லதாப் போச்சுண்ணே! நம்ம ஐயா இல்லேன்னா விக்கிறதுல என்ன பாவம்?”

நிலோஃபர் தலையை ஆட்டினார். “யாருன்னு தெரியலியே தம்பி. இதுல ஸ்டூடியோ பேருகூடச் செல்லு அரிச்சிருக்கு. பேரில்லாத மனுசனுக்கு வெல இல்ல. சட்டத்த வேணா எடுத்துக்கிறேன்.”

வெளிச்சம் பொசுக்கென்று அணைந்தது. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து கடித்துக் குதறிய இரண்டு பேரும் முதன்முறையாக ஒரே கட்சிக்கு வந்தார்கள்.

“அம்மா” என்றான் பிரபு குழைவாக, “நீங்க மொட்டவிரலார்னே எழுதிக்கிட்டா என்ன? ஓட்டல்ல மாட்டுறவனுக்கு என்ன தெரியப் போவுது?”

“பத்து வெரலோட மொட்டவிரலாரா? எங்கடையில வந்து சிரிச்சுட்டுப் போவாங்க தம்பி. கை மாலைக்குள்ளயே இருந்தா ஒங்க ஐயா. வெளிய வந்துட்டா யாரோ.” நிலோஃபர் பையை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி மங்களாம்பிகையிடம், “வர்றேன்க்கா. காபி குடிக்கல, தப்பா நெனைக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் கிளம்பியதும் வீரையன் வாசல் கதவைச் சாத்தினார்.

“எல்லாரும் கேளுங்க. இது இந்தக் கூடத்த விட்டு வெளிய போகக் கூடாது. சித்தப்பா, ஒங்களுக்குந்தான். நாங்க மொட்டவிரலார் வம்சம்னு சொல்லித்தான் ஊருல நிக்கிறோம். அந்தப் பொம்பள எங்கயாவது ஒளறுனா, சாயக்காரன் வேலைன்னு சொல்லிக்கலாம். படம் பழையபடி மேல ஏறும். தை அமாவாசைக்கு எப்பவும் போல படையல்.” அப்படியே மனைவி பக்கம் திரும்பினார். “மங்களம், பூக்காரன்கிட்ட சொல்லி மாலைய இந்தத் தடவ கொஞ்சம் பெருசா கட்டச் சொல்லு. கை தெரியாம.”

கை தெரியாம.

அந்த ஒரு வார்த்தைதான்.

மங்களாம்பிகை உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. கல்யாணப் பட்டு தரையில் விழுந்தது, அவள் எடுக்கவில்லை. அம்மாவின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அடுப்படியில் இருந்த ஸ்டூலைக் காலால் தள்ளிக்கொண்டே வந்து, காலியாக இருந்த ஆணிக்குக் கீழே போட்டாள்.

“என்ன பண்ற?”

“மாட்டப் போறேன்.”

“ஏறாதடி. அந்த எடத்துல பொம்பள கை படக் கூடாது.”

“எதுல படக் கூடாது? பத்தாயத்து மூடியிலயா?”

சிவசாமிக்குச் சிரிப்பு வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் சிரிப்பை விழுங்கிவிட்டார்.

“சிரிங்க மாமா, நல்லா சிரிங்க. எல்லாந் தெரிஞ்சுகிட்டே அமாவாசைக்கு அமாவாசை வந்து இந்தக் கூடத்துல ஒக்காந்து நான் சுட்ட வடையத் தின்னீங்க. ‘ஐயாவுக்கு உப்புக் கொஞ்சம் கம்மி’ன்னு ஒரு தடவ சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? எந்த ஐயாவுக்கு?”

“அண்ணி, கோவத்துல...” என்று பிரபு ஆரம்பித்தான்.

“நீ பேசாத பிரபு. இப்பத்தான் ஒம் பூட்டனுக்கு வெல பேசுன. அது ஆகலன்னதும் எவன் பூட்டனையோ ஒம் பூட்டன்னு விக்கப் பாத்த.”

வீரையன் ஸ்டூலைப் பிடித்தார். “மானம் போயிரும் மங்களம். ஊரு என்ன சொல்லும்?”

“எம் மானம் போனப்ப ஊரு எங்க போயிருந்துச்சு?” அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. அழுகையில் இல்லை, ஆத்திரத்தில். “எங்கம்மா கடசியாக் கெடந்தது ஆடி அமாவாசை. இந்தா, இந்த ரூம்புல. நான் அடுப்படியில இந்த ஆளுக்கு வட தட்டிக்கிட்டிருக்கேன். மங்களம், மங்களம்னு கூப்புடுது. நீங்க என்ன சொன்னீங்க? ‘படையல் முடிஞ்சு காக்கா சோறு எடுக்குற வரைக்கும் அங்க போகாத, சீக்காளியத் தொட்ட கையோட ஐயாவுக்குச் சமைக்காத’ன்னீங்க. காக்கா எடுத்தப்புறம் போனேன். வாய் அடைச்சுப் போயிருந்துச்சு. அதுக்கப்புறம் எங்கம்மா ஒரு வார்த்த பேசல. என்ன கேக்க வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தண்ணி கேட்டுச்சோ என்னவோ.”

படத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“பேரு தெரியாத ஒருத்தனுக்காக. வழியில கெடந்தவனுக்காக. அந்தக் கெழவி வித்த நெலத்துத் தண்ணியில வெளஞ்ச அரிசிய வடிச்சு, அவனுக்கு எல போட்டேன். அவ பீரோவுக்குள்ள குப்புறக் கெடந்தா. கூலி நடவு நட்டவன்னீங்க. ஆமா, நட்டா. அவளுக்கும் பத்து வெரலு. அந்தப் பத்துல நட்டதெல்லாம் இந்த வூட்டு வயலு. எட்டு வெரல்ல நாலு வேலியாம்! அந்த மனுசன் மொகம் எப்படி இருக்கும்னு உங்க ஒருத்தருக்காச்சும் தெரியுமா? கோவணத்தோட நின்ன மனுசன் மொகத்த மாட்ட வெக்கப்பட்டுக்கிட்டு, கோட்டுப் போட்டவன ஐயான்னு மாட்டுன வூடுங்க இது. இதுல எங்கம்மா வந்துதான் சுவரு அசிங்கமாவுதா?”

வீரையனின் கை ஸ்டூலை விட்டது. அவள் ஏறினாள். தனபாக்கியத்தை மாட்டினாள். பெரிய ஆணி, சின்னப் படம். சட்டம் கொஞ்சம் சாய்ந்து நின்றது. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்கினாள். சுவரில் பழைய படம் இருந்த இடம் மட்டும் பெரிய சதுரமாக வெளுத்திருந்தது. அந்தச் சதுரத்துக்கு நடுவில் ரேஷன் கார்டுக் கண்ணோடு அம்மா கூடத்தைப் பார்த்தாள்.

கோட்டுப் போட்ட பெரியவர் பெஞ்சில் சாய்ந்து கிடந்தார். பிரபு அவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பத்தாயத்தில் சாய்த்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பப் போனான்.

“குப்புற வைக்காத” என்றாள் மங்களாம்பிகை. “அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அப்படியே இருக்கட்டும்.”

இது நடந்து ஒரு வாரம் ஆகிறது. வயலில் சம்பா அறுப்புக்கு மிஷின் வந்து நிற்கிறது. வீரையன் வீட்டில் சாப்பிடுகிறார், பேச்சு இல்லை. பேசினால் ஒரே பேச்சுத்தான். “அமாவாசைக்குள்ள அந்தப் படம் மேல ஏறணும். இல்லேன்னா நான் படையல்ல ஒக்கார மாட்டேன்.” அவளும் ஒரே பதில்தான். “ஒக்காராதீங்க. காக்காவுக்கு நானே வைப்பேன்.” பிரபு சிங்கப்பூருக்குப் போய்விட்டான். போகும்போது, சட்டத்தை மட்டுமாவது கொடுத்துவிடுங்கள் அண்ணி என்று கேட்டுப் பார்த்தான். எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்பது அவன் கணக்கு. அவள் முறைத்த முறைப்பில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

விஷயம் ஊருக்குத் தெரியாமல் இருக்குமா? பக்கத்து வீட்டில் டிவி குறைத்திருந்தார்களே. ஊரில் இரண்டு கட்சி. தெரியாமல் செய்தாலும் அத்தனை வருஷம் சோறு படைத்த படம், இறக்கினால் பாவம் என்று ஒரு கட்சி. சம்பந்தி வீட்டுப் படம் வம்சச் சுவரில் ஏறினால் வீடு விளங்காது என்றும் அதே கட்சிதான் சொல்கிறது. இன்னொரு கட்சி மங்களாம்பிகை பக்கம், வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அதில் பொம்பளைகள் நிறைய.

மங்களாம்பிகைக்கு அந்தப் பெரியவர் மேல் கோபம் இல்லை. ஆத்திரம் கொஞ்சம் ஆறின பிறகு ஒரு நாள் பத்தாயத்துப் பக்கம் போய்க் கண்ணாடித் தூசியைத் துடைத்தாள். மோதிரக் கையை உற்றுப் பார்த்தாள். “ஒங்க புள்ளைங்க ஒங்களத் தெருவுல போட்டுட்டுப் போனதுக்கு நான் என்ன பண்ணுவேன்?” என்றாள். அமாவாசை அன்றைக்கு அம்மாவுக்கு ஒரு இலை. முகமில்லாத மொட்டவிரலாருக்குப் படம் இல்லாமல் ஒரு இலை. இந்தப் பெரியவருக்கு ஒன்று போடலாமா வேண்டாமா என்று மட்டும் அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை. அம்மாவை இறக்கப்போவதில்லை என்பது முடிவாகிவிட்டது.

படித்தவர்களிடம் நான் கேட்பது இதுதான். நழுவாமல் பதில் எழுதுங்கள். அந்தப் பெரியவருக்கு இலை போடலாமா, கூடாதா? அப்புறம், இப்போதே எழுந்து போய் உங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரைப் பாருங்கள். மாலைக்குப் பின்னால் இருப்பது யார் என்று உங்களுக்கு நிஜமாகத் தெரியுமா? உங்கள் வீட்டுக்கு வாழ வந்த பெண்ணின் அம்மா படம் எங்கே இருக்கிறது? சுவரிலா, பீரோவிலா? ஒரு வரி போதும். கீழே எழுதுங்கள்.